கதைத்தால் மூளையில் என்ன மாறும்? உளப்பகுப்பாய்வும் உணர்ச்சியின் நரம்பியலும்

கொழும்பில் யாராவது மனநல மருத்துவரிடம் போய்விட்டு வந்தால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "குளிசை தந்தவரா?" என்பதுதான். தந்தார் என்றால் ஒரு நிம்மதி. சரி, மூளையில் ஏதோ கூடிக் குறைந்திருக்கிறது, மருந்து பார்த்துக்கொள்ளும். குளிசை தரவில்லை, கிழமைக்கு ஒருநாள் வந்து கதைக்கச் சொன்னார் என்றால் எல்லோருக்கும் சந்தேகம். வெறும் கதைக்கு இவ்வளவு காசா? அதை வீட்டிலேயே கதைக்கலாமே?

இந்தச் சந்தேகம் படித்த உலகத்திலும் வெகுகாலம் இருந்தது. மனத்தை ஆராய்ந்தவர்களும் மூளையை ஆராய்ந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். ஒரு பக்கம் நமக்கே தெரியாமல் இயங்கும் நனவிலி மனம், கனவு, குழந்தைப் பருவம் என்று பேசும் உளப்பகுப்பாய்வு. மறுபக்கம் நரம்புக் கலம், இரசாயனம், மின் சைகை என்று பேசும் நரம்பியல். இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் முயற்சிக்கு நரம்பியல்-உளப்பகுப்பாய்வு என்று பெயர். 1999இல் அதற்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 2000இல் ஒரு சர்வதேசச் சங்கமும் உருவானது.

அந்தத் துறை முழுவதையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க முடியாது. அதில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படும் ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உணர்ச்சி நமக்குள் ஒளிந்து கிடப்பதில்லை. அதைச் சமாளிக்கச் சின்ன வயதில் பழகிக்கொண்ட வழிதான் ஒளிந்து கிடக்கிறது என்பதே அது.

நரம்பு மருத்துவர் பிராய்ட்

சிக்மண்ட் பிராய்ட் என்றதும் தாடியும் சாய்கட்டிலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் நரம்பு மருத்துவராகத் தொழில் தொடங்கியவர். இளமையில் மீன்களின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஆராய்ந்தார். மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சு இழப்பவர்களைப் பற்றி 1891இல் ஒரு நூலே எழுதினார். 1895இல், மனத்தை முழுக்க நரம்புக் கலங்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று ஒரு கைப்பிரதியைத் தொடங்கி, பாதியில் கைவிட்டார். உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் எட்டிப் பார்க்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. அவர் 1939இல் இறந்தபின், 1950இல்தான் அந்தக் கைப்பிரதி அச்சேறியது. நரம்பை ஒருபக்கம் வைத்துவிட்டு ஆள் சொல்வதைக் கேட்பது என்ற வழியில் அவர் போனார். உயிரியல் ஒருநாள் வளர்ந்து தன் கருதுகோள்களையெல்லாம் அடித்துக்கொண்டு போகலாம் என்று 1920இல் அவரே எழுதியும் வைத்தார். அவர் பேரில் சண்டை பிடிக்கிறவர்கள் பலர் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

அந்த வழியில் வந்த சிகிச்சை இன்று எப்படி நடக்கிறது? கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, அதே நாள், அதே நேரம், அதே அறை, பெரும்பாலும் 50 நிமிடம். மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் அறிவுரை சொல்ல மாட்டார். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். "நான் இப்ப என்ன செய்யிறது, டொக்டர்?" என்று கேட்டால், "அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்பார். வீட்டில் பெரியவர்களிடமும் பள்ளிக்கூடத்தில் சேரிடமும் கேட்டு நடந்து பழகியவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலும் சிகிச்சைக்கு வேண்டிய சரக்குதான்.

கழுவிய சட்டியைக் கழுவுகிறவர்

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், பெயர் வேண்டாம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, கோட்டையில் வங்கி வேலை. ஒருநாள் கணவர் வரப் பிந்துகிறது, போனும் எடுக்கவில்லை. இப்படி நடந்தால் யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். ஆள் வந்து சேர்ந்ததும், "எங்க போனீங்கள்? நான் பயந்துபோனன்" என்று நாலு வார்த்தை ஏசிவிட்டால் அது அடங்கிவிடும். இவர் ஏசுவதில்லை. சமையலறைக்குள் போய் ஏற்கனவே கழுவி வைத்த சட்டிகளை இறக்கி மறுபடி கழுவுகிறார். கணவர் வந்ததும் சாப்பாடு போட்டுக் கொடுக்கிறார், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போகிறது. "கோபமா?" என்று கேட்டால், "எனக்கென்ன கோபம்?" என்கிறார். தனக்குக் கோபமில்லை என்றுதான் நம்பவும் செய்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கம், இரவில் நித்திரை இல்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மருத்துவரிடம் போனதும் நித்திரைக்காகத்தான்.

அவருக்கு மூன்று வயது ஆகுமுன்பே அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். கொட்டாஞ்சேனையில் அம்மம்மா வளர்த்தார். பிள்ளை அழுதால், "நீ அழுதா அம்மாவுக்கு அங்க வேலை செய்ய ஏலாது" என்று சொல்லித் தேற்றுவார். கொஞ்ச நாளில் பிள்ளை அழுவதை விட்டது. அம்மம்மாவோடு சமையலறையில் நின்று பாத்திரம் துடைத்தது. "என்ன கெட்டிக்காரப் பிள்ளை, அழவே மாட்டா" என்று வந்துபோனவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

இந்தக் கதையைப் பிராய்ட் காலத்து ஆள் கேட்டால், துக்கம் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, வெளியே எடுக்க வேண்டும் என்பார். இன்றைய நரம்பியல் இதில் ஒரு திருத்தம் செய்கிறது.

அடித்தளத்தில் ஏழு

ஜாக் பாங்க்செப் (1943–2017) எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். விலங்குகளுக்கு உணர்ச்சி உண்டென்று சொன்னாலே சக விஞ்ஞானிகள் ஒருமாதிரிப் பார்த்த காலத்தில், எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டி, மனிதக் காதுக்கு எட்டாத 50 கிலோஹேர்ட்ஸ் அளவில் அவை எழுப்பிய ஒலியைப் பதிவு செய்தவர். அதைச் சிரிப்பு என்றே அவர் சொன்னார். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்து, பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏழு உணர்ச்சி அமைப்புகள் உண்டென்ற முடிவுக்கு வந்தார். தேடல், சினம், அச்சம், காமம், பராமரிப்பு, பிரிவின் தவிப்பு, விளையாட்டு என்பவை அவை. (பள்ளிக்கூடத்தில் எட்டு மெய்ப்பாடு படித்தவர்களுக்கு அச்சமும் வெகுளியும் அழுகையும் உடனே நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. அது கவிதையில் உணர்ச்சி வெளிப்படுவதற்கான கணக்கு, இது மூளைக்குள் நரம்புக் கலங்கள் இணைந்த சுற்றுகளின் கணக்கு. ஆனாலும் பட்டியல்கள் இப்படி உரசிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.)

நம் வங்கிப் பெண்ணுக்கு வேண்டியது ஆறாவது. கோழிக்குஞ்சையோ நாய்க்குட்டியையோ தாயிடமிருந்து பிரித்தால் விடாமல் கத்தும். 1970களின் பிற்பகுதியில் பாங்க்செப்பும் கூட்டாளிகளும் அவற்றுக்கு மிகக் குறைந்த அளவில் மோர்பின் கொடுத்துப் பார்த்தார்கள். கத்தல் தணிந்தது. உடம்பு நோவை ஆற்றும் அதே இரசாயன ஏற்பாடுதான் பிரிவின் தவிப்பையும் ஆற்றுகிறது என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பட்டது. தாய் வந்து அணைத்தால் குஞ்சின் மூளையில் மருந்து தானாகவே சுரக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இந்த அமைப்புகளின் வேர் மூளையின் மேற்பரப்பில் இல்லை. கழுத்துக்கு மேலே, மூளைத்தண்டின் நடுவே ஓடும் மெல்லிய நீர்க்குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிற இழையத்தில் இருக்கிறது. மூளையின் மேற்பட்டை அநேகமாக இல்லாமலே பிறந்த குழந்தைகளைப் பற்றி 2007இல் பியோர்ன் மெர்க்கர் என்ற நரம்பியலாளர் எழுதினார். அந்தப் பிள்ளைகள் பழகிய குரலைக் கேட்டுச் சிரித்தார்கள், பிடிக்காதபோது சிணுங்கினார்கள். அவர்கள் உள்ளுக்குள் என்ன உணர்ந்தார்கள் என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் உணர்வதற்கு மேற்பட்டை கட்டாயம் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இதையெல்லாம் உளப்பகுப்பாய்வோடு கோத்தவர் தென்னாபிரிக்காவைச் சேர்ந்த மார்க் சோம்ஸ். மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பரிசோதிப்பவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் ஒரேசமயத்தில் வேலை செய்தவர். முதலில் அவர் பெயர் பரவியது கனவு ஆராய்ச்சியால். கனவு என்பது மூளைத்தண்டு தன்பாட்டில் எழுப்பும் பொருளற்ற இரைச்சல் என்று பலர் முடிவுகட்டியிருந்தார்கள். ஆசையோடும் தேடலோடும் தொடர்புள்ள முன்மூளைப் பாதைகள் அறுந்த நோயாளிகளுக்குக் கனவு நின்றுபோவதை சோம்ஸ் காட்டினார். கனவுக்கும் ஆசைக்கும் முடிச்சுப் போட்ட பிராய்டுக்கு இது ஓரளவு ஆறுதல்.

அடுத்து அவர் செய்தது பிராய்டையே தலைகீழாக்கும் வேலை. மனத்தின் அடித்தளத்தில் உள்ள இயல்பூக்கங்கள், அதாவது பிறவித் தூண்டுதல்கள், நனவுக்கு எட்டாதவை என்றார் பிராய்ட். 2013இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் சோம்ஸ் அதை மறுத்தார். மூளைத்தண்டில் எழும் உணர்ச்சி உணரப்பட்டே தீரும், உணராத உணர்ச்சி என்று ஒன்று இல்லை என்றார்.

அப்படியானால் எது நனவிலி? ஒவ்வோர் உணர்ச்சியும் ஏதோ ஒரு தேவை நிறைவேறவில்லை என்று அறிவிக்கிறது. தவிப்பு, ஆள் பக்கத்தில் வேண்டும் என்கிறது. அந்தத் தேவையை எப்படி நிறைவேற்றுவது என்பதற்குப் பிறவியிலேயே கொஞ்சம் வழி இருக்கிறது: அழு, யாராவது வருவார்கள். மீதியைப் பழக வேண்டும். இந்தப் பிள்ளை அழுதுபார்த்தது, வரவேண்டியவர் வரவில்லை. பாத்திரம் துடைத்தது, மெச்சினார்கள். அதுதான் வழி என்று மூளை முடிவுகட்டி, யோசிக்காமல் ஓடும் பழக்கமாகப் பதித்துவிட்டது. இன்றைக்குக் கணவர் போன் எடுக்காதபோது எழும் தவிப்பு ஒளியவில்லை. அந்த நெஞ்சு இறுக்கம்தான் அது, அவருக்கு நன்றாகவே தெரிகிறது. கை ஏன் சட்டியை நோக்கிப் போகிறது என்பதுதான் தெரியவில்லை.

கை நினைவில் வைத்திருப்பது

எடுவார் கிளாப்பரேட் என்ற ஜெனீவா மருத்துவர் 1911இல் எழுதிய ஒரு சம்பவம் இங்கே பொருந்தும். அவருடைய நோயாளி ஒரு பெண். எதையும் சில நிமிடத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்க முடியாதவர், தினமும் வரும் மருத்துவரைக்கூட அடையாளம் தெரியாது. ஒருநாள் கிளாப்பரேட் விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு கை கொடுத்தார். குத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் சம்பவத்தை மறந்துபோனார். அதன்பின் மருத்துவர் மறுபடி கை நீட்டியபோது கொடுக்க மறுத்தார். ஏன் என்று வற்புறுத்திக் கேட்டதற்கு, சிலவேளை கையில் ஊசி இருக்கும்தானே என்ற மாதிரிச் சமாளித்தார். (இன்றைக்கு எந்த ஒழுக்கக் குழுவும் இதற்கு அனுமதி தராது.)

கொழும்பில் இதற்கு ஊசி தேவையில்லை. யுத்த காலத்தில் இங்கு வாழ்ந்த தமிழர்களில் எத்தனையோ பேருக்கு, சீருடையைக் கண்டால் இன்றும் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கும். சோதனைச் சாவடி இல்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்டால், "சும்மா, பேர்ஸ் இருக்கிறதா என்று பார்த்தேன்" என்பார்கள்.

சம்பவத்தை நினைவுகூர்வதற்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி குழந்தைக்கு மெதுவாகத்தான் முதிர்கிறது. பயத்தைப் பதிக்கும் அமிக்டலாவும் பழக்கத்தைப் பதிக்கும் பகுதிகளும் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முதல் இரண்டு மூன்று வருடத்து நிகழ்ச்சிகள் நமக்கு ஞாபகம் இல்லாததற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆகவே, சினிமாவில் வருவதுபோல் சிகிச்சையாளர் தோண்டத் தோண்ட மறந்த காட்சி ஒன்று திடீரென்று மேலே வந்து, கதறி அழுது, குணமாவது என்பதை அவ்வளவாக நம்ப வேண்டாம். காட்சியாகப் பதியாத ஒன்றைக் காட்சியாக எடுக்க முடியாது. தோண்டினால் இல்லாத காட்சி ஒன்று உருவாகிவிடும் ஆபத்தும் உண்டு.

நினைவாக வராதது நடத்தையாக வரும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பே காலியாகும் நாட்களில் சிகிச்சையாளரும் இரண்டு கிழமை விடுமுறை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்த முதல்நாள் நம் வங்கிப் பெண் கால் மணி நேரம் பிந்தி வருகிறார். "பரவாயில்லை டொக்டர், எனக்கும் நிறைய வேலை இருந்தது" என்று சொல்லிக்கொண்டே மேசையில் கலைந்து கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்குகிறார். இதைத்தான் உளப்பகுப்பாய்வில் இடமாற்றம் என்பார்கள். பழைய உறவில் பழகிய வழி, ஒதுக்கும்படி யாருமே சொல்லாத இந்த அறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. சிகிச்சையாளர் மெச்சவில்லை, கோபிக்கவுமில்லை. "இரண்டு கிழமை நான் இல்லை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மேசையை ஒதுக்குகிறீர்கள்" என்கிறார். பெண்ணுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வந்தும் அவர் எழும்பிப் போகவில்லை, சிகிச்சையாளரும் போகவில்லை.

மூளைக்கு இது எதிர்பாராத விளைவு. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி விழும்போதுதான் மூளை தன் கணிப்பைத் திருத்த முன்வரும். 2000இல் கரீம் நாடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ மூவரும் எலிகளில் செய்த ஒரு சோதனை இதில் அடிக்கடி பேசப்படும். ஓர் ஒலியைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று எலி பழகியிருந்தது. அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து நினைவைக் கிளப்பிய உடனே, புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். பிறகு எலிக்கு அந்தப் பயம் பெருமளவு இல்லாமல் போனது. கிளம்பிய நினைவு கொஞ்ச நேரம் இளகிய நிலையில் இருந்து, மறுபடி சேமிக்கப்படுகிறது என்று தெரியவந்தது. மனிதருக்குக் கதைத்துச் செய்யும் சிகிச்சையிலும் இதேதான் நடக்கிறது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பழகிப்போன வழிகள் அழிவதில்லை, அவற்றுக்குப் பக்கத்தில் புதிய வழி ஒன்று மெல்ல மெல்லப் பழக்கமாகிறது என்கிறார் சோம்ஸ். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் களைத்துப்போன நாட்களில் பழைய வழி எல்லோருக்கும் திரும்பி வருகிறது. சிகிச்சைக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காலம் எடுப்பதும் இதனால்தான். பழக்கமாகப் பதிந்ததை ஒரு நல்ல விளக்கத்தால் மாற்ற முடியாது. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இதை ஒப்புக்கொள்ளாதவர்கள்

இரண்டு பக்கத்திலும் எதிர்ப்பு உண்டு. எலிச் சோதனை செய்த அதே லெடூ, அமிக்டலாச் சுற்று தற்காப்புக்கானதே, அதற்குப் பயம் என்று பெயரிடாதீர்கள், உணர்வதற்கு மேற்பட்டை வேண்டும் என்கிறார். உளவியலாளர் லீசா பெல்ட்மன் பாரட், ஏழு சுற்று என்று எதுவும் மூளையில் தனியாக இல்லை, கலாசாரமும் அனுபவமும் தந்த கருத்துகளைக் கொண்டு மூளை உணர்ச்சியை அந்தந்த நேரத்தில் கட்டுகிறது என்கிறார். உளப்பகுப்பாய்வாளர்களிலும் ரேச்சல் பிளாஸ், ஸ்வி கர்மெலி இருவரும் 2007இல் கடுமையாக எழுதினார்கள்: உளப்பகுப்பாய்வு தேடுவது ஒருவர் வாழ்க்கையின் பொருளை, அதற்கு மூளைப் படம் எதையும் கூட்டித் தராது. சோம்ஸின் பதில், மனமும் மூளையும் மின்னலும் இடியும் மாதிரி, ஒரே நிகழ்ச்சியைக் கண்ணாலும் காதாலும் அறிகிறோம், ஒன்று மற்றதை உண்டாக்குவதில்லை என்பது. பிளாஸ், கர்மெலி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அம்மா குவைத்துக்குப் போனதன் வலியை எந்த ஸ்கேனும் காட்டாது. ஆனால் சிகிச்சையாளர் எதைத் தேடுகிறார் என்பதை நரம்பியல் மாற்றிவிடுகிறது. மறைந்த துக்கத்தைத் தேடுவதை விட்டு, "இந்த ஆள் எந்தத் தேவைக்கு எந்த வழியைப் பாவிக்கிறார், அது ஏன் பலிக்கவில்லை?" என்று தேடத் தொடங்குகிறார். அது சின்ன மாற்றமல்ல.

பலன் உண்டா என்று கேட்டால், லண்டன் டாவிஸ்டொக் நிலையம் 2015இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். வேறு சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 129 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு 18 மாதம் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அது முடிந்து இரண்டு வருடத்தின் பின் பார்த்தபோது அவர்களில் 30 சதவீதத்தினருக்கு ஓரளவு தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 4.4 சதவீதம். முழுக்கக் குணமானவர்கள் இரு பக்கத்திலும் குறைவுதான். முடிந்தபின் வித்தியாசம் கூடியது என்பது கவனிக்க வேண்டியது. மருந்தோடு இதற்குப் பகையும் இல்லை. அந்த 129 பேரில் பலர் குளிசையும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கொழும்பில் இப்படி நீண்டகாலம் செய்பவர்கள் குறைவு, தமிழில் செய்பவர்கள் அதைவிடக் குறைவு. சிலர் வெளிநாட்டில் இருப்பவரோடு வீடியோ அழைப்பில் கதைக்கிறார்கள். தொடர்மாடி வீட்டில் யார் காதிலும் விழாமல் 50 நிமிடம் கதைக்க இடம் தேடுவதே பெரும்பாடு. யாரிடமாவது போவதென்றால் இரண்டு விஷயம் முதலிலேயே கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றார், அவருடைய வேலையை மேற்பார்க்க ஒரு மூத்தவர் இருக்கிறாரா. மொழியையும் பேசிக்கொள்ளுங்கள். வங்கி ஆங்கிலத்தில் தன் கதையை ஒப்பிக்கிறவருக்கு, அம்மம்மா வீட்டுத் தமிழில் சொல்லும்போதுதான் நெஞ்சு இறுகத் தொடங்கும், வேலையும் அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் ஆறுதலாகத் தேட நேரம் உள்ளவர்களுக்கு. உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறவர்கள், அப்படிப்பட்ட ஒருவரோடு இருக்கிறவர்கள், பக்கத்து அரச வைத்தியசாலைக்கு உடனே போகலாம், அல்லது அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.